கருப்புப் பட்டைக்குப் பயந்து

இன்று கடையின் மேல்தட்டைப் புரட்டித் தேடியதில் ஒரு காலி கேசட் டப்பா கிடைத்தது. மேலே உன் கையெழுத்து: ‘வளைகாப்பு, ஒரிஜினல்’. உள்ளே கேசட் இல்லை. அதை நான்தான் தூக்கிப் போட்டேன் என்று தெரிந்தேதான் தேடினேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உன்னிடம் சொல்கிறேன்.

நாம் செங்கம் ரோட்டில் வீடியோ கடை போட்டபோது எடுத்ததெல்லாம் நாலுக்கு மூன்று, கிட்டத்தட்ட சதுரமான படம். பிறகு வீட்டுக்கு வீடு அகல டிவி வந்தது, பதினாறுக்கு ஒன்பது. பழைய கேசட்டை ஃபைலாக மாற்றிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழும். “புது டிவிங்க, பாதி கருப்பாவே இருக்குது” என்று சண்டைக்கு வந்தார்கள். படத்தை அகலத்துக்கு இழுத்துக் கொடுத்தேன். மணப்பெண்கள் எல்லாரும் குண்டானார்கள், அதற்கும் திட்டு. கடைசியில் மேலேயும் கீழேயும் வெட்டித் திரையை நிரப்பினேன். யாரும் வாய் திறக்கவில்லை.

நீ மட்டும் திறந்தாய். “இழுத்தா திரும்ப சரி பண்ணிக்கலாம்டா. வெட்டினா போச்சு” என்றாய். கல்யாணப் பத்திரிகை ஒன்றை டிவியின் நடுவில் வைத்துப் பிடித்து, “படம் இவ்ளோதாங்க, டிவிக்குத்தான் அகலம் ஜாஸ்தி” என்று ஒவ்வொருவருக்கும் விளக்குவாய். எனக்கு ஏது அந்தப் பொறுமை?

காய்ச்சல் என்று படுத்தவன் ஐந்தே நாளில் போய்விட்டாய். அலமாரி முழுக்க உன் கையெழுத்து, என்னால் கடையில் உட்கார முடியவில்லை. எல்லாக் கேசட்டையும் ஒரே செட்டிங்கில் வெட்டி ஃபைலாக்கி, பூஞ்சை பிடித்ததை எல்லாம் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டேன். கேசட் ஓடும்போது திரையை அணைத்து வைத்தேன். பார்த்தால் அழுதுவிடுவேன் என்ற பயம். கோழை.

போன பௌர்ணமி அன்று உன் மனைவி வந்தாள். கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ விடவில்லை என்று அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். உன் மகளுக்குக் கல்யாணமடா. மண்டபத்தில் பெரிய ஸ்கிரீன் வைக்கிறார்களாம்.

“அவரு சிரிக்கறா மாதிரி எதுனா வீடியோ இருக்குதாண்ணா? பாப்பாவுக்கு அப்ப அஞ்சு வயசு, முகமே ஞாபகம் இல்லன்றா. போட்டோ வேணாமாம். அப்பா அசையறத பாக்கணுமாம்.”

ஊரையெல்லாம் படம் பிடித்த நீ எதிலும் இல்லை. அந்த வளைகாப்பில் மட்டும் ஒருமுறை கேமராவை உன்னிடமிருந்து பிடுங்கி உன்னை எடுத்தேன். உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பின்னால் லைட்டைப் பிடித்தபடி நின்று, “என்னை எதுக்குடா எடுக்கற, பொண்ண எடு” என்று சிரித்தாய். அது இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லி, ஃபைலைத் தேடி ஓடவிட்டேன்.

வளைகாப்புப் பெண் முழுசாக இருந்தாள். பின்னால் உன் நீலச் சட்டை, கைக்கடிகாரம், லைட்டைப் பிடித்த கை. கழுத்தோடு திரை முடிந்துவிட்டது. சிரிப்பு மட்டும் கேட்டது.

உன் மனைவி அந்தக் கையை அடையாளம் கண்டுகொண்டாள். “அவருதான்! அவருதாண்ணா!” என்று எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “படத்தக் கொஞ்சம் கீழ இறக்குங்கண்ணா, முகம் தெரியட்டும்” என்றாள்.

மேலே ஒன்றும் இல்லை, நான் வெட்டி எறிந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “இந்த கம்ப்யூட்டர்ல வரலம்மா, சரி பண்ணித் தர்றேன்” என்றேன். உன் முகத்தை இரண்டாம் முறையும் தொலைத்துவிட்டு, அவளிடம் பொய் சொன்னேன்.

கல்யாணம் வருகிற வியாழக்கிழமை. தினமும் போன் செய்து, “முகம் வந்துடுச்சாண்ணா?” என்று கேட்கிறாள். “வந்துட்டே இருக்குதும்மா” என்கிறேன்.