சோழவந்தானில் சொல்லிவிட்டேன்

4.5.2003, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். பத்து மணிக்கே கோச்சடை ரோட்டில் தார் இளகிவிட்டது. மாத்திரை போட்டாயிற்று. தண்ணீர் நிறைய.

அடுத்த ஞாயிறு சோழவந்தானுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். பெயர் அமுதா. பி.காம். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால்.

சாயங்காலம் மாமா வந்தார். "மாப்ள, ஹார்ட் விசயத்துல வாயத் தொறந்துறாத. ஒன்னயப் பாத்தா ஆருக்குத் தெரியப்போகுது?" அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

சட்டை தைக்கக் கொடுத்தது வாங்க வேண்டும்.

7.5, புதன்

ஆஸ்பத்திரியில் எக்கோ, இதய ஸ்கேன். இதயத்தின் நடுச்சுவர் போன வருடம் இருந்த அளவுதான், தடிப்பு கூடவில்லை. நல்ல சேதி. ரத்தம் வெளியேறும் வழியும் மேற்கொண்டு குறுகவில்லை. துடிப்பு தடம் மாறினால்தான் ஆபத்து. அப்பா அப்படித்தான் போயிருப்பார் என்கிறார் டாக்டரம்மா. வயலில் நடந்துகொண்டிருந்த மனிதர் அப்படியே விழுந்தார். ஊரில் காத்துகருப்பு என்றார்கள்.

கல்யாணம் பற்றிக் கேட்டேன். "தாராளமாப் பண்ணிக்கங்க. ஆனா அந்தப் பொண்ணுக்குத் தெரியணும். பிள்ளைகளுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு."

மதியம் நான் வேலை பார்க்கும் கடையில் டிராக்டர் சாமான் லோடு. நான் தூக்கவில்லை, பில் மட்டும். முன்பெல்லாம் கூச்சமாக இருக்கும். இப்போது இல்லை.

11.5, ஞாயிறு

கேசரி, பஜ்ஜி. பஜ்ஜியில் உப்பு தூக்கல். பின்கட்டில் தனியாகப் பேச விட்டார்கள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். எல்லாம், அப்பா போனது உட்பட.

"மயக்கம் போட்டு விழுந்திருக்கீங்களா?"

"ஒருக்கா, மாடிப்படி ஏறும்போது. அதுலதான் கண்டுபிடிச்சாங்க."

"இப்ப?"

"மாத்திரை சாப்பிடுறேன். ஓட மாட்டேன், பளு தூக்க மாட்டேன். மத்தபடி எல்லாஞ் செய்வேன்."

"எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா அவரு காதுல நோய்னு மட்டுந்தான் விழுகும்."

திரும்பும்போது பஸ்ஸில் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு நல்ல பசி. அழகான பெண். அதைவிட, கேள்வி கேட்கத் தெரிந்த பெண்.

13.5, செவ்வாய்

தரகர் வந்தார். "பொண்ணு வீட்ல வேற எடம் பாக்குறாகளாம்." மாமா: "சொன்னேன்ல?"

வலித்தது. ஆனால் சொன்னது சரிதான். மறுபடி போனாலும் சொல்வேன். அம்மா எனக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்திருந்தாள். அதுவே அவள் பதில்.

16.5, வெள்ளி

கோடை மழை. கரண்ட் இல்லை. கடை போனில் அமுதா! "நாளைக்கு ஒங்க டாக்டர் இருப்பாங்களா? நானும் அப்பாவும் வாரோம். அவருக்கு ஏதோ கேக்கணுமாம்." அவரைக் கிளப்பியது யார் என்று எனக்குத் தெரியாதா?

17.5, சனி

டாக்டரம்மாவிடம் அமுதாவின் அப்பா கேட்டது ஒரே கேள்வி. "தம்பி எம்புட்டுக் காலம் இருப்பாரு?"

"நீங்களும் நானும் எத்தன காலம்னே சொல்ல முடியாதுங்கய்யா. இவருக்கு ஆபத்து கம்மி. இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். இந்த வியாதியோட வயசாகி இருக்கறவங்க நெறயப் பேர் எங்கிட்ட வாராங்க."

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்குத்தான் வியர்த்தது.

அமுதா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "டாக்டர், ஒருவேள இவரு விழுந்துட்டா, ஆம்புலன்ஸ் வாரதுக்குள்ள நான் என்ன செய்யணும்? அதச் சொல்லிக் குடுங்க."

நர்ஸ் பெஞ்சில் ஒரு தலையணையைப் போட்டு, நெஞ்சின் நடுவில் கை வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். அமுதா வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, இரண்டு கையையும் கோத்து அமுக்கினாள். முகம் சிவந்து, முடி கலைந்து, நிறுத்தாமல்.

அவள் அப்பா எழுந்து பக்கத்தில் போய் நின்றார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பத்தாது தாயி. நல்லா அமுக்கு. நம்ம மாப்பிள்ளைக்கில்ல?"