காற்றுப் பையும் சேவல் கதையும்

இரோசின், சொர்சொகோன்
மார்ச் 4, 2009

அன்பு மகள் மெல்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான், அம்மா, தம்பிகள் எல்லோரும் நலம். என் இருமலும் நலம், நாளுக்கு நாள் செழிப்பாக வளர்கிறது. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அதனால்தான் கடிதம். ஆறாம் வகுப்புக்காரனின் எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்.

உன் ஞானத்தகப்பன் தெயோதுலோ போன வாரம் போய்விட்டான். மூளையில் ரத்தக் குழாய் வெடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு மெஷின் ஒன்றுகூடக் காலியில்லை. தொண்டையில் குழாயைச் செருகி, நுனியில் ரப்பர் பையை மாட்டி எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். பிசைந்தால் மூச்சு, விட்டால் போச்சு. பிள்ளைகள், மச்சான்கள், நான் என்று முறை வைத்து நாள்கணக்கில் பிசைந்தோம்.

டாக்டரம்மா வந்து, "இனிமே எழுந்திருக்க மாட்டார். நிறுத்தறதுன்னா குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க" என்றார். மூத்தவன் இளையவனைப் பார்த்தான். இளையவன் சுவரைப் பார்த்தான்.

"அப்பனைக் கொன்னவன்னு ஊர்ல பேரெடுக்க என்னால ஆகாது" என்றான் மூத்தவன்.

"அப்ப பேசாம பிசைங்க" என்றாள் அவன் பெண்டாட்டி.

கடைசி முறை என்னுடையது. பொழுது போகவேண்டுமே என்று அவனுக்குப் பிடித்த சேவல் கதையைச் சொன்னேன். என் சேவல் சண்டைக் களத்திலிருந்து தப்பிப் பறந்து பங்குச் சாமியார் மடியில் உட்கார்ந்து, அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "இது என்கிட்ட அடைக்கலம்" என்று சொன்னாரே, அது. அவன் சிரிக்கவில்லை. சொன்ன விதம் சரியில்லையோ என்று குரலை மாற்றி மறுபடி சொன்னேன். அவன் கண் திறந்தே நாளாயிற்று என்பது மறந்துபோயிற்று. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "அய்யா, கையை எடுங்க. இவர் போய் ரொம்ப நேரமாச்சு" என்றார்.

செத்தவனுக்கு மூச்சும் கொடுத்துக் கதையும் சொன்ன ஜீப்னி வண்டி டிரைவர் என்று ஊரே சிரிக்கிறது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் சோற்றுக்கு முன் உட்கார்ந்தால் வலது கை தானாக மூடித் திறக்கிறது.

உன் அப்பா,
அனக்லேட்டோ

---

கெண்ட், பெல்ஜியம்
ஏப்ரல் 2, 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

மெல்பா எழுதுவது. ஆசிக்காக உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். ஞானத்தகப்பனுக்காகப் பூசைக்குப் பணம் கொடுத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு பாத்ரூமில் போய் அழுதேன். இருமலைப் பற்றி இவ்வளவு வேடிக்கையாக எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் போனீர்களா?

நான் நர்ஸாக இருக்கும் வார்டில் கோடலீவ் என்று ஒரு அம்மாள் இருந்தார். எலும்பு முழுக்கப் புற்றுநோய். நோயாளியே கேட்டால் டாக்டர் ஊசி போட்டு உயிரைப் போக்கலாம் என்று இங்கே சட்டம் இருக்கிறது அப்பா. அவரே கேட்டு எழுதிக் கொடுத்தார், டாக்டர்கள் பேசினார்கள், நாள் குறித்தார்கள். அன்று காலை நான்தான் தலை சீவிவிட்டேன். பிள்ளைகள் கேக் கொண்டுவந்தார்கள். டாக்டர் ஊசியோடு வந்தபோது அவர் என்னிடம், "உன் கை சூடா இருக்கு, நீயும் ஒரு பக்கம் பிடிச்சுக்கோ" என்றார். பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே போனார்.

நான் ஊசி போடவில்லை. ஆனாலும் கை பிடித்தது பாவமா? இங்கே நம் நாட்டுச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன். "ஜெபம் பண்ணும்மா" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். நீங்கள் சொல்லுங்கள்.

மகள் மெல்பா

---

இரோசின்
மே 10, 2009

அன்பு மகளுக்கு,

இவ்வளவு பெரிய கேள்வியை ஒரு டிரைவரிடம் கேட்டுவிட்டாய். தனியாக யோசிக்கப் பழக்கமில்லாததால் கடை வாசலுக்குக் கொண்டுபோனேன். ஒரே கிளாஸில் ஜின் சுற்றி வந்தது, கேள்வியும் கூடவே சுற்றியது.

"ஊசி போட்டு அனுப்பறதா? அது நாய்க்குச் செய்யறது!" என்றான் ஒருவன்.

"நாய்க்குக் காட்டற இரக்கம் மனுசனுக்குக் கிடையாதாடா?" என்றான் இன்னொருவன்.

கடைக்காரி உள்ளேயிருந்து, "நீங்க தினம் குடிச்சுச் செய்யறதும் அதேதான்யா. என்ன, கொஞ்சம் மெதுவா செய்யறீங்க" என்றாள். அத்தோடு கூட்டம் கலைந்தது.

பிறகு பங்குச் சாமியாரைக் கேட்டேன். "உயிரை எடுக்கக் கூடாது அனக்லேட்டோ. ஆனா போற உயிரை வாசல்ல மறிச்சுக்கிட்டு நிக்கணும்னும் திருச்சபை சொல்லலை" என்றார்.

என் தீர்ப்பு: ஊசி எனக்கு ஒப்பவில்லை. வரிசையை மீறி ஜீப்னியில் ஏறுகிறவனை நானே எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். ஆனால் கை பிடித்ததில் என்ன பாவம்? அது வெறும் கை.

இப்போது என் விஷயம். டாக்டரிடம் போனேன். நுரையீரல் இரண்டும் பழைய ஜீப்னி என்ஜின் மாதிரி ஆகிவிட்டதாம், மாற்ற உதிரி பாகம் கிடையாதாம். என் சிகரெட்டும் ரோட்டுப் புகையும் பங்கு போட்டுக்கொண்டு செய்த வேலை. ஒருநாள் மூச்சு நிற்கும்போது தொண்டையில் குழாய் போடுவார்கள், பையைக் கையில் கொடுப்பார்கள். எனக்குக் குழாய் வேண்டாம், பையும் வேண்டாம். உன் தம்பிகள் நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், நர்ஸ் அக்கா சொன்னால் கேட்பார்கள். நீ சொல்லவேண்டும்.

அப்பா

---

கெண்ட்
ஜூன் 3, 2009

அப்பா,

மாட்டேன்.

கோடலீவ் அம்மாள் எனக்கு யார்? அவர் பிள்ளைகள் சம்மதித்தார்கள், நான் கை பிடித்தேன். நீங்கள் என் அப்பா. "பெல்ஜியத்துல நர்ஸாம், பெத்தவனுக்குக் குழாய்கூடப் போடவிடலையாம்" என்று அதே கடை வாசலில் பேசுவார்கள். பேசினால் பேசட்டும் என்றுகூட விட்டுவிடுவேன். ஆனால் என்னை ஜீப்னியின் முன்சீட்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் ஆளாக்கியவருக்கு மூச்சு முட்டும்போது நான் சும்மா நிற்பேனா? நானே பிசைவேன். கை ஒடிந்தாலும் பிசைவேன். இதைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

மெல்பா

---

இரோசின்
ஜூலை 1, 2009

அன்பு மகளுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நீ சிறுமியாக இருந்தபோது உன்னிடமிருந்து கற்ற பழக்கம்.

இப்போது ஆக்ஸிஜன் சிலிண்டரோடு குடித்தனம். உன் அம்மா அதற்கும் உறை தைத்துப் போட்டிருக்கிறாள், பூப்போட்டது. கோயிலில் என் பக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் மருமகளா என்று கேட்கிறார்கள்.

தெயோதுலோவிடம் நான் பார்த்ததை முழுக்க எழுதவில்லை. அந்த நாட்களில் அவன் முகத்தை யாருமே பார்க்கவில்லை மகளே. எல்லோரும் பையைத்தான் பார்த்தோம். மூடியதா, திறந்ததா, அடுத்த முறை யாருடையது. அதனால்தான் அவன் போனது அடுத்த கட்டில்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.

உன் பெல்ஜியத்து அம்மாளுக்கு நீ தலை சீவினாய், கை பிடித்தாய், அவள் உன் முகத்தைப் பார்த்தாள். அந்த ஊசி எனக்கு வேண்டாம். ஆனால் அந்த முகம் வேண்டும். பையைப் பிசைகிற கையால் என் கையைப் பிடிக்க முடியாதே.

இதற்கு மேல் எழுத மூச்சு இல்லை. நிஜமாகவே இல்லை, வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அப்பா

---

கெண்ட்
ஜூலை 19, 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

லீவு கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் வீட்டில் இருப்பேன். அம்மாவிடம் சொல்லுங்கள், தேங்காய்ப் பாலில் சேப்பங்கீரை, மிளகாய் குறைக்காமல்.

தம்பிகளிடம் போனில் பேசினேன். சின்னவன் கத்தினான். "அப்பாவைச் சாகவிடச் சொல்றியா?" என்றான். "இல்லடா, அப்பாகூட இருக்கச் சொல்றேன்" என்றேன். ஆஸ்பத்திரியில் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். குழாய் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுப்பேன். ஊர் யாரையாவது பேசவேண்டும் என்றால் என்னைப் பேசட்டும், எனக்கு ஊர் தூரம். மூச்சு முட்டும் கஷ்டம் தெரியாமல் இருக்க மருந்து உண்டு, அதைக் கேட்டு வாங்குவேன். அது பாவமில்லை, உங்கள் சாமியாரையே கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இன்னும் சம்மதமில்லை அப்பா. சம்மதமில்லாமலேதான் வருகிறேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேவல் கதையைச் சொல்வேன். உங்களைவிட நன்றாகவே சொல்வேன். சொல்லும்போது உங்கள் முகத்தை மட்டும்தான் பார்ப்பேன். நீங்கள் சிரிக்காவிட்டால், மறுபடி சொல்லமாட்டேன்.

உங்கள் கையை என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். நான் வரும்வரை அதைச் சூடாக வைத்திருங்கள்.

மகள்,
மெல்பா