முகூர்த்த நாளில் வராத பிள்ளை

அகரம்,
23.6.2025, திங்கள்

அன்புள்ள சபிஹா,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு, இன்று முகூர்த்த நாளா என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் பிரான்சிஸ் பல் துலக்கிக்கொண்டே, "யாருக்கும்மா கல்யாணம்? தினமும் பாக்குறே" என்றார். என் மூன்றாம் வகுப்புக்கு என்றேன்.

விஷயம் இதுதான். இந்தக் கடிதத்தை உன்னிடம் தருகிற கௌசல்யாவின் மகள் தமிழ்மதி என் வகுப்பில் படிக்கிறாள். கௌசல்யா திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மாலை கட்டுகிறாள். முகூர்த்த நாளென்றால் இருட்டோடு முதல் பஸ்ஸில் போயாக வேண்டும். புருஷன் திருப்பூரில். பிள்ளையைத் தனியாக விட மனமில்லாமல் கூடவே கூட்டிப் போய்விடுகிறாள். எங்கோ யாருக்கோ கல்யாணம் நடந்தால் என் வகுப்பில் ஒரு இடம் காலி.

மார்க்கெட்டிலிருந்து உன் பள்ளி பக்கம்தானே? அந்த நாட்களில் மட்டும் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துக்கொள்கிறாயா? பூக்கூடைகளுக்கு நடுவில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். கௌசல்யா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் உன் குக்கர்தான் அதிகம் பேசுகிறது. ஆசிரியர் பயிற்சி விடுதியில் பக்கத்துக் கட்டிலுக்கே கடிதம் எழுதியவர்கள் நாம். அந்தப் பழக்கம் இப்போது பூக்கூடையில் ஏறிப் போகிறது.

உன்,
ஜோஸ்பின்

பேகம்பூர்,
2.7.2025

அன்பு ஜோஸ்பின்,

கடிதம் முழுக்க மல்லிகை வாசம். ரஃபி எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "யார்ட்ட இருந்து வந்துச்சு?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் புருஷனுக்கு ஒரு சந்தேகம் வந்ததில் எனக்குப் பெருமைதான்.

உன் தமிழ்மதி வந்தாள். கடைசி பெஞ்ச் எல்லாம் அவளுக்கு ஆகாது. முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டு, "எங்க டீச்சர் போர்டைத் துடைச்சுட்டுத்தான் அடுத்த கணக்கு போடுவாங்க" என்று என்னைத் திருத்தினாள். உன் வார்ப்பேதான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. டி.சி. கொடுத்து அவளை இங்கேயே அனுப்பிவிட்டால் என்ன? அம்மாவும் பிள்ளையும் ஒரே பக்கம் இருப்பார்கள். கௌசல்யாவிடமும் கேட்டேன். "நானா வேணாங்கிறேன்? இங்கிட்டே ஒரு ரூம் பாத்து வந்துரலாம்னுதான் இருக்கேன். அந்த டீச்சர் மனசு சங்கடப்படுமேன்னு வாயத் தொறக்கல" என்றாள்.

உன் மனசு ஏண்டி சங்கடப்படுகிறது?

சபிஹா

அகரம்,
14.7.2025, திங்கள்

அன்புள்ள சபிஹா,

நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஆகஸ்டு முதல் தேதி எங்கள் பதிவேட்டில் அறுபத்தோரு பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர்கள். ஒன்று குறைந்தாலும் இரண்டே பேர். மூன்றாவது ஆள் உபரியாகி எங்கே இடமோ அங்கே போக வேண்டும். பணியில் இளையவர்தான் போவது வழக்கம். எங்களில் இளையவள் இளவேனில். கொடைக்கானல் மலைக் கிராமம் ஒன்றில் தனியாகக் கிடந்துவிட்டுப் போன வருஷம்தான் இங்கே வந்தாள். கைக்குழந்தைக்காரி. வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு. மதியம் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு, வாயில் சோற்றோடு ஓடி வருவாள்.

தமிழ்மதியையும் சேர்த்துத்தான் எங்களுக்கு அறுபத்தொன்று.

அவள் படிப்புக்காக அவளைப் பிடித்து வைத்திருக்கிறேனா, எண்ணிக்கைக்காகவா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நேரான பதில் வரவில்லை. ஆனால் ஒரு வழி தெரிகிறது. பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது. நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன், ஒரு முகூர்த்தக் குறிகூட இல்லை. தினமும் இங்கேயே வருவாள். ஆடி முடியட்டும், டி.சி. கொடுத்துவிடுகிறேன். அவளுக்கும் நஷ்டமில்லை, இளவேனிலும் தப்பிப்பாள். சரிதானே?

ஜோஸ்பின்

பேகம்பூர்,
25.7.2025, வெள்ளி

ஜோஸ்பின்,

நீயும் கணக்குப் போட்டாய், நானும் சரி என்று தலையாட்டினேன். நீ சர்ச்சுக்குப் போகிறவள், நான் பள்ளிவாசல் தெருக்காரி. ஆடி மாதத்தைப் பற்றி நம் இரண்டு பேருக்கும் என்ன தெரியும்? கௌசல்யா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஏன் டீச்சர், கல்யாணம் இல்லாட்டி ஆத்தா சும்மா இருப்பாளா? வெள்ளி, செவ்வாய், அமாவாசை, பூரம், பெருக்கு... அம்புட்டுக்கும் மால கட்டணும். ஆடிதான் டீச்சர் எங்களுக்கு விரல் தேயுற மாசம்" என்கிறாள்.

ஆக, ஆடி பிறந்ததிலிருந்து உன் பிள்ளை அதிகமும் என்னிடம்தான்.

அதோடு போனால் நானும் சிரித்திருப்பேன். இன்று ஒன்று கவனித்தேன். காலைச் சாப்பாட்டு நேரத்தில் தமிழ்மதி குழாயடியில் போய் நின்றுகொள்கிறாள். சமைக்கிற மாயக்காள் கூப்பிட்டும் வரவில்லை. நான் போய்க் கேட்டேன்.

"என் சாப்பாடு அங்க எங்க ஸ்கூல்ல இருக்கு டீச்சர்."

"இங்கேயும் இருக்குடா, வா."

"இது பேரு இருக்கிறவங்களுக்கு அளந்தது. நான் சாப்ட்டா ஒரு ஆளுக்குக் கொறஞ்சிரும். எங்க டீச்சர் தட்ட எண்ணித்தான் போடச் சொல்வாங்க."

வருகைப் பதிவில் அவள் பெயரை நான் கூப்பிடுவதில்லை. எல்லாப் பெயரும் முடிந்த பிறகு, "உள்ளேன் டீச்சர்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்வாள். விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். இன்று என் டப்பாவிலிருந்து இட்லியை ஊட்டிவிட்டேன். அதற்கும், "உங்களுக்கு டீச்சர்?" என்றாள்.

நீ என்ன முடிவெடுத்தாலும் நான் உன் பக்கம்தான். இளவேனிலின் குழந்தையும் குழந்தைதான். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சபிஹா

அகரம்,
28.7.2025, திங்கள்

அன்புள்ள சபிஹா,

நேற்று சர்ச்சில் பூசை முழுக்க அந்தக் குழாயடிதான் கண்ணில் நின்றது. தட்டை எண்ணு, எண்ணு என்று சொல்லிக் கொடுத்தவள் நான். சாப்பாடு வீணாகக் கூடாது என்றுதான் சொன்னேன். அவள் அதை இவ்வளவு தூரம் கொண்டுபோவாள் என்று நினைக்கவில்லை.

இன்று ஆடிப்பூரம். நாள்காட்டித் தாளை இப்போதெல்லாம் முழுதாகப் படிக்கிறேன். வகுப்பில் அவள் பெயரைக் கூப்பிட்டேன். பெயர் என்னிடம் இருந்தது. அவள் அங்கே உன் குழாயடியில் பசியோடு நின்றிருப்பாள்.

மூன்றாவது பாடவேளை முடிந்ததும் தலைமையாசிரியர் ஞானதாஸ் சாரிடம் போய் டி.சி. கேட்டேன்.

"நாலு நாள் பொறுங்க டீச்சர். வெள்ளிக்கிழமை எண்ணிக்கை முடியட்டும். சனிக்கிழமை காலையில நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"நாலு நாளும் அவ காலையில சாப்பிட மாட்டா சார்."

அவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். மதியத்துக்குள் தமிழ்மதியின் பெயரை எங்கள் பள்ளியிலிருந்து விடுவித்துவிட்டார். "இளவேனில்கிட்ட நீங்களே சொல்லிக்கிடுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் இளவேனில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "அக்கா, வெஞ்சனம் என்ன?" என்று அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாள். கத்தரிக்காய்ப் பொரியலைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். குழந்தை என் கம்மலைப் பிடித்து இழுத்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, இருவரையும் வாசல்வரை கொண்டுவிட்டேன்.

கௌசல்யாவும் வந்தாள். டி.சி.யைக் கையில் வாங்கி நிமிராமல் நின்றாள். பேகம்பூரில் ரூம் பேசியாகிவிட்டதாம், நாளைக் காலையில் சாமானோடு கிளம்புகிறார்கள். "இனிமே உங்க லெட்டரை யாரு டீச்சர் தூக்கிட்டுப் போறது?" என்றாள். தபால்காரர் இருக்கிறாரே என்றேன். "அவரு லெட்டர்ல மல்லிகப்பூ மணக்குமாக்கும்!" என்று உதட்டைச் சுழித்தாள். அதனால் பூக்கூடையில் வரும் கடைசிக் கடிதம் இது. தபாலில் வருவதை ரஃபி அண்ணன் மோந்து பார்க்க வேண்டியிருக்காது.

நாளை நீ பதிவேட்டில் அவளைச் சேர்த்ததும் பெயரைச் சத்தமாகக் கூப்பிடு. அப்புறம் கையைப் பிடித்து மாயக்காளிடம் கூட்டிப்போய், "இப்ப உனக்கும் சேர்த்துத்தான் அளந்திருக்கு, ஜோஸ்பின் டீச்சர் எண்ணிப் பார்த்துட்டாங்க" என்று சொல். நம்புவாள்.

இன்னொன்று. இளையவர்தான் போவது வழக்கம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? மூத்தவர் யாராவது விருப்பப்பட்டு எழுதிக் கொடுத்தால் அவரே போகலாம். அதுவும் விதியில் இருக்கிறது. நான் இந்தப் பள்ளிக்கு வந்து பதினேழு வருஷம். நடந்தே போய்ப் பழகிய கால். இனி எந்த ஊர் பஸ்ஸுக்கு நிற்கப்போகிறதோ தெரியவில்லை. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது, பரீட்சை முடிந்த சாயங்காலம் விடுதி மாடியில் நாம் இரண்டு பேரும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது போலத்தான் இருக்கிறது. எந்த ஊராக இருந்தால் என்ன, அங்கேயும் காலையில் எண்ண வேண்டிய தட்டுகள் இருக்கும்.

நாளை காலை எழுதிக் கொடுக்கப் போகிறேன். பிரான்சிஸ் பக்கத்து அறையில்தான் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உன்,
ஜோஸ்பின்