ஒரு டாலருக்கு அப்பாவின் குரல்

அனகோர்ட்டஸ்
ஜனவரி 6

அன்புள்ள எம்மெட்,

நான் நலம். மின்னஞ்சல் அனுப்பினால் ஒரே வரியில் மழுப்பிவிடுவாய் என்று தெரிந்துதான் தாளில் எழுதுகிறேன்.

நேற்றுப் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். நான் வாயைத் திறந்து படுத்திருக்க, அங்கே உதவியாளராக இருக்கும் ஜோலீன், "உங்க படகு கேமை வாங்கிட்டேன் தெரியுமா? ஒரு டாலர்தான். இன்னும் திறந்துகூடப் பாக்கல. அந்த விலைக்கு யாரு யோசிச்சிட்டிருப்பா?" என்றாள். எழுந்து துப்பிவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது சும்மா சின்ன விஷயம். நேரம் கெடைச்சா பாருங்க." நீ நிரல் எழுத, நான் படம் வரைய, நான்கு வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த கணினி விளையாட்டை நானே சும்மா என்றேன். வீடு வரும்வரை முகம் எரிந்தது.

விலையில் கைவைப்பதென்றால் இருவரும் கேட்டுக்கொள்வோம் என்றுதானே பேச்சு? அதில் இருப்பது என் அப்பாவின் குரல். மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு தீவின் பெயராகச் சொல்லிப் பதிவு செய்து கொடுத்தார். அதே வருஷம் வசந்தத்தில் போய்விட்டார். ஏன் இப்படிச் செய்தாய்?

நெவா

டகோமா
ஜனவரி 13

அன்புள்ள நெவா,

உன் கடிதத்தை மூன்று நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும்.

அக்டோபர் மாதம் முழுக்க விற்றது பதினொன்று. விருப்பப் பட்டியலில் மட்டும் இருபதாயிரம் பேர் குந்தியிருந்தார்கள், விலை இறங்கட்டும் என்று. அவர்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. என்னிடமும் தள்ளுபடியில் வாங்கிய அறுநூறு கேம் கிடக்கிறது, ஐம்பதைக்கூடத் திறந்ததில்லை. இணையக் கடையிலிருந்து குளிர்காலத் தள்ளுபடிக்கான படிவம் வந்தபோது முதலில் பாதி விலை என்று போட்டேன். அதற்கும் யாரும் வாங்கமாட்டார்களோ என்று பயமாக இருந்தது. அழித்துவிட்டுத் தொண்ணூற்றாறு சதவீதம் தள்ளுபடி என்று போட்டேன். உன்னிடம் கேட்டால் முடியாது என்பாய், அதனால் கேட்கவில்லை.

முதல் நாளே ஒன்பதாயிரம் போனது. தனியாக நின்று ஆடினேன். பிறகுதான் மற்றக் கணக்கைப் பார்த்தேன். வாங்கியவர்கள் நாற்பதாயிரம் பேர், திறந்தவர்கள் நாலாயிரம்கூட இல்லை. முன்பெல்லாம் விமர்சனத்தில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இப்போது, "ஒரு டாலருக்குப் பரவால்ல." மறுபடி இருபத்தைந்து டாலர் ஆக்கினேன். ஒருவரும் சீண்டவில்லை. என்றைக்கு எவ்வளவு குறைந்தது என்று குறித்துவைக்கவே இணையத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். "அவசரப்படாதீங்க, அடுத்த சேல்ல திரும்ப ஒரு டாலருக்கு வரும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அதை இனி என்னால் அழிக்க முடியாது.

வெட்கமாக இருக்கிறது, நெவா. இரண்டாவது கேமுக்கு நீ வரைவாயா என்று கேட்கவும் வெட்கம்தான். ஆனாலும் கேட்கிறேன்.

எம்மெட்

அனகோர்ட்டஸ்
ஜனவரி 22

அன்புள்ள எம்மெட்,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இரண்டாவதற்கு நான் வரவில்லை.

ஒன்று மட்டும் செய். அப்பாவின் குரலை எடுத்துவிடு. பனிமூட்டத்தில் படகின் ஊதல் மட்டும் போதும். மற்றதை என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள். யாரும் திறக்கவே போவதில்லை என்றால் அவர் எதற்கு அங்கே மூச்சுத் திணறிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும்?

நெவா

டகோமா
மார்ச் 30

அன்புள்ள நெவா,

உன் கடிதம் கிடைத்த அன்றே எடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கேமில் உன் அப்பா பேசும் கடைசிப் படகுப் பயணத்தைச் சோதிக்கும்போதெல்லாம் நான் விசையை அழுத்தித் தாண்டிவிடுவேன். ஒலி ஓடுகிறதா என்று திரையில் கோட்டைப் பார்ப்பேன், அவ்வளவுதான். வெட்டி எடுக்க உட்கார்ந்தபோதுதான் உன் அப்பாவை முழுதாகக் கேட்டேன். கடைசித் தீவின் பெயரைச் சொல்லிவிட்டு, "போதுமாம்மா? கொஞ்சம் தண்ணி குடேன்" என்கிறார். நீ வேண்டுமென்றே அதை விட்டுவைத்திருக்கிறாய். கேட்காமலே விலை போட்டிருக்கிறேன். என்னைவிட அந்த ஜோலீன் எவ்வளவோ மேல்.

இரண்டு மாதமாக யாரும் ஏன் என்று கேட்கவில்லை. போன வாரம் நெப்ராஸ்காவிலிருந்து லோர்னா பெட்டி என்ற அம்மாள் எழுதியிருக்கிறார். "நான் ஒரு டாலருக்குத்தாங்க வாங்கினேன், அதுதான் என்னால முடிஞ்சுது. தெனம் சாப்ட்டு முடிச்சிட்டு அந்தப் பெரியவர் பேசறதக் கேக்கத்தான் உள்ள போவேன். இப்ப அவரைக் காணோம். சேத்துக் காசு கட்டணும்னா சொல்லுங்க, கட்டிடறேன்."

அவருக்கு என்ன பதில் எழுதுவது?

எம்மெட்

அனகோர்ட்டஸ்
ஏப்ரல் 5

அன்புள்ள எம்மெட்,

அவருடைய முகவரியை அனுப்பு. பதிவு முழுவதையும் நானே அவருக்கு அனுப்பிவைக்கிறேன். காசு எதுவும் கேட்டுவிடாதே. ஒரு டாலர் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று நானும் முடிவுகட்டிவிட்டேன். அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன்மேல் விலைக்காக இனிக் கோபமில்லை. அதை மன்னித்துவிட்டேன். நாலு வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தும் பதிவில் அவர் தண்ணீர் கேட்டது உன் காதில் விழவில்லையே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. முகவரியைத் தனித் தாளில் எழுதி அனுப்பு. கூடக் கடிதம் வேண்டாம்.

நெவா