துணி எடுக்காத ஊர்

மாமா,

இன்று மத்தியானம் ஜன்னல் வழியாக மண் வாசனை வந்ததும் கன்ட்ரோலரை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். கடலூர் மழை சொல்லிக்கொண்டா வரும்? கொடியில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு இறங்கினால், டிவியில் கேமுக்குள்ளும் மழை. சந்தைத் தெருவில் வரிசையாகத் துணி தொங்குகிறது. பெண்கள் கூடையோடு நிற்கிறார்கள். ஒருத்திகூட அண்ணாந்து பார்க்கவில்லை. துணி மூட்டையோடு நின்றபடியே சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன்.

நீங்கள் வருடக்கணக்கில் காத்திருந்த கேம் இது. டிரெய்லர் வந்த அன்று, சிதம்பரத்துக் கடையில் ரிப்பேருக்கு வந்த போன்களை ஓரம் தள்ளிவிட்டு எனக்கு வீடியோ கால் போட்டீர்கள். "இந்த டிராகனப் பாரு, செதில் செதிலா தெரியுது" என்று காட்டினீர்கள். கேம் வெளிவந்தபோது நீங்கள் இல்லை. நம் யூடியூப் சேனலில் விளையாடுவது நீங்கள், பேசுவது நான். இப்போது இரண்டும் நான்தான். முதலில் ஓநாய்களிடம் செத்துச் செத்துப் பிழைத்தேன். குதிரையோடு பாறையிலிருந்து விழுந்தேன். விடவில்லை.

கல்யாணமான புதிதில் நீங்கள் விளையாடுவதைச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். குதிரை ஓடும் அழகுக்காகவே ஒரு கேமைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினீர்கள். "குதிர நல்லாத்தான் ஓடுது மாமா. மழ பெய்யுதே, துணி எடுக்க ஒருத்தியும் வரலியே. இவுங்களுக்கெல்லாம் இது சொந்த ஊரா?" என்றேன். வேறொருவர் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "இத நீயே மைக்ல சொல்லு" என்றீர்கள். அன்றிலிருந்து எந்த கேம் வந்தாலும் மழைக்குக் காத்திருந்து பார்த்த பிறகுதான் நாம் மார்க் போட்டோம்.

அந்த மார்க்கில்தான் சண்டை. நீங்கள் அரை மார்க் கூட்டுவீர்கள், நான் குறைப்பேன். உங்களோடு கடைக்கு வரும் நாட்களில் பஸ் முழுக்க அதே பேச்சு. "ஆசப்பட்ட கேம்னா மார்க் போடுறதுல இன்னும் கறாரா இருக்கணும்" என்று ஊருக்குச் சொல்வீர்கள். அரை மார்க்கை மட்டும் விடமாட்டீர்கள்.

இப்போது கமென்ட்டில் எல்லாரும் "அண்ணனுக்காகப் பத்துக்குப் பத்து குடுங்க அண்ணி" என்று கேட்கிறார்கள். உங்கள் தம்பியும் போன் செய்து, "அண்ணன் எவ்ளோ ஆசையா இருந்தாரு. கொற சொல்லாதீங்க அண்ணி" என்றார். அவர்கள் அன்பு புரிகிறது. எனக்கும் மனம் அப்படித்தான் இழுத்தது. ஆனால் உங்கள் பேரைச் சொல்லிப் பொய் மார்க் போட்டால், அப்புறம் அந்த மைக் எனக்கு எதற்கு?

சாயங்காலம் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி பதிவு செய்துவிட்டேன். மலைகள் அழகு. டிராகன் நீங்கள் சொன்னதுபோலவே செதில் செதிலாகத் தெரிகிறது. அது தலைக்கு மேல் பறந்தபோது பக்கத்தில் உங்கள் கையைத் தேடினேன். ஆனால் எந்தக் குகைக்குப் போனாலும் அதே எலும்புக்கூடு, அதே பெட்டி. ஊரைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். அந்த ஊரில் யாரும் குடியிருப்பதாகவே தெரியவில்லை.

பத்துக்கு ஆறு. நாளைக் காலை வீடியோவைப் போடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டட்டும். அடுத்த கேமையும் நானே ஆடுவேன், அதிலும் மழைக்குக் காத்திருப்பேன்.

நீங்கள் இருந்தால் ஆறரை என்பீர்கள். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை விடமாட்டீர்கள், நானும் ஏதோ ஒரு நிறுத்தத்தில் சரி என்று சொல்லியிருப்பேன். இப்போது சண்டை போட ஆளில்லை. ஆறுதான், மாமா.