தாலிக்கொடி கழுவியது

பெப். 6, 1996. செவ்வாய்.
விடியவே பனி. நாளை என் மனைவி மனோவுக்கு இருதய ஒப்பரேசன். உடம்பில் நகை ஒன்றும் இருக்கக்கூடாது என்று நேர்ஸ் சொல்லிவிட்டாள். தோடு, காப்பு உடனே கழற்றிக் கொடுத்தாள். தாலிக்கொடிக்கு மட்டும் கை போகவில்லை. கலியாணத்தன்று ஏறியது, முப்பத்துநாலு வருடம் இறங்கவில்லை. நல்லகாலம், மகள் வாசுகி தன் ஊர் விட்பியிலிருந்து வரும்போதே மஞ்சள் துண்டு கட்டிய கயிறு கொண்டுவந்திருந்தாள். அதைக் கட்டிய பிறகுதான் கொடி என் கைக்கு வந்தது.

"நீங்கள் குத்துக்கல்லு மாதிரி முன்னாலை நிக்கேக்கை கழட்டுறன். கடவுள் பிழையா விளங்கிக்கொள்ளாமல் இருந்தால் சரி."

அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை. கழுவி வைக்கச் சொன்னாள்.

பெப். 7. புதன். கடும் குளிர்.
ஒப்பரேசன் பின்னேரம் முடிந்தது. நாளைக்குத்தான் கண் விழிப்பா, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். வாசுகி நின்றாள். நான் வந்துவிட்டேன். நின்றிருக்க வேண்டுமோ? கொடியை எடுத்தேன்.

கழுவிய முறை:
– சிங்கில் அல்ல, கண்ணாடிக் கிண்ணத்தில். சிங்க் அடைப்பில் நம்பிக்கை இல்லை.
– இளஞ்சூட்டுத் தண்ணீர். கோப்பை கழுவும் சோப், மூன்று துளி.
– வாசுகி தந்த நகை கழுவும் மருந்து: லேபிள் இரண்டு தரம் வாசித்தேன். தங்கத்துக்கு ஆகுமாம். முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவன், திறக்கப் பயம். திரும்ப அலுமாரிக்குள்.
– கால் மணி ஊறல். பிறகு மெத்தென்ற பழைய ரூத்பிரஷ், வளையம் வளையமாக.

தண்ணீர் மஞ்சளானது. மஞ்சள், சந்தனம், பவுடர், வேர்வை. ஊற்ற மனம் வரவில்லை. கிண்ணத்தைச் சோசரால் மூடி ஜன்னலோரம் வைத்தேன்.

கொடியில் அவள் அவசரத்துக்கென்று கோத்து வைத்த ஒரு சட்டைப்பின், துருப்பிடித்தது. கறை படும் என்று கழற்றி, குப்பையோடு பதினாலாம் மாடியிலிருந்து கீழே போகும் குப்பைக் குழாயில் போட்டாயிற்று.

கொடியைப் பூட்டும் சுரைக்குப் பக்கத்து வளையம் நூலாய்த் தேய்ந்திருக்கிறது. நான் உரஞ்சியதாலா, வருடங்களாலா?

பெப். 8. வியாழன்.
ஏழு மணிக்குப் புறப்பட இருந்தேன். கொடியில் சோப் படிவு போல ஒன்று. மறுபடி கழுவினேன். துடைத்துப் பார்த்தேன். இன்னொரு தரம். 8.40க்கு வாசுகியின் ஃபோன்.

"அப்பா, இன்னும் வெளிக்கிடேல்லையோ? அம்மா முழிச்சிட்டா. கயிறை ஒப்பரேசன் தியேட்டரிலை வெட்டிப்போட்டாங்களாம். கழுத்தைத் தடவிப்போட்டு, அப்பாவுக்கு என்ன நடந்தது, மறைக்காதை எண்டு அழுறா. நான் சொல்ல நம்புறா இல்லை."

வீதியில் கை காட்டி ரக்சி மறித்தேன். இந்த நாட்டில் முதல் தடவை. கொடி கைலேஞ்சித் துணியில் சுற்றியபடி, ஈரத்தோடு.

என்னைப் பார்த்தாள். கனநேரம். நெஞ்சில் கட்டு, கழுத்தில் போட நேர்ஸ் விடவில்லை. உள்ளங்கையில் வைத்தேன். விரல் வளையம் வளையமாகப் போய், சுரையடியில் நின்றது.

"சட்டைப்பின் எங்கை?"

எறிந்துவிட்டேன் என்றேன்.

"நான் செத்தாலும் உங்கடை துப்புரவு சாகாது."

என் சட்டைக் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். பின்னேரம் ஆறு மணிவரை அசையாமல் இருந்தேன்.

கிண்ணத்துத் தண்ணீர் இன்னும் ஜன்னலோரம்.

நாளை: சட்டைப்பின் ஒரு அட்டை வாங்க வேண்டும். ஆறரைக்கே புறப்பட வேண்டும். கழுவ ஒன்றும் இல்லை.