அப்பாவின் இடக்கைக் கையெழுத்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. உறையைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று அவசரமாகப் பிரித்திருப்பாய். பயப்படாதே, எல்லோரும் நலம். நீ கூப்பிட்டாலே அப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேசைமேல் வைத்துவிடுகிறார். அவர் காதில் விழக்கூடாததை அதில் எப்படிச் சொல்வது? என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் நீ வைத்துவிடுவாய்.

தகடு வளைக்கும் மெஷின் நசுக்கிய விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். அப்பா சட்டைப் பொத்தானை இடக்கையாலேயே போடுகிறார். அம்மா உதவிக்குப் போனால் ஒரு முறைப்பு. போன ஞாயிறு அப்பாவின் பட்டறையிலிருந்து வெல்டர் மாமா வந்திருந்தார். "கைதான் மடங்கல, நாக்கு என்னமா மடங்குது பாரு" என்று அப்பாவைச் சீண்டினார். "இவர் பேச்சுக்கு வரி போட்டா கவர்மெண்டுக்கு வேற வருமானமே வேண்டாம்" என்றாள் அம்மா. வரி என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

விஷயம் அதுதான் அண்ணா. வேலை செய்ய முடியாமல் போனதற்காக இன்சூரன்சிலிருந்து அவருக்கு மாதாமாதம் பணம் வருகிறதல்லவா, அதற்கு வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. வரிக்கணக்கை எழுதிக் கொடுத்தது நான்தான். "இன்சூரன்ஸ் தவணையெல்லாம் என் சம்பளத்துல பிடிச்சது, வரி கிடையாது" என்று அப்பா சொன்னார், அப்படியே எழுதினேன். படித்த பெண் எழுதினால் தப்பாகாது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

வரி அலுவலகத்துக்குப் போய், வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களையெல்லாம் முன்னே விட்டுவிட்டு, கடைசியில் கேட்டேன். அங்கிருந்த பெண் ஊழியர் பொறுமையாக விளக்கினார். வரி பிடித்ததுபோக மிஞ்சும் சம்பளத்திலிருந்து தொழிலாளியே தவணை கட்டியிருந்தால், பிறகு வரும் பணத்துக்கு வரி இல்லை. தவணையைக் கம்பெனி கட்டியிருந்தால் அந்தப் பணமும் சம்பளம் மாதிரிதான், வரி உண்டு. விபத்து நடந்த சமயத்தில் யார் கட்டினார்கள் என்பதைத்தான் பார்ப்பார்களாம்.

அப்பா கொதிக்கிறார். "என் வேர்வைல கட்டினதுக்கு எவன் வரி கேக்கிறது?" கம்பெனியே தவணை கட்டுகிறோம் என்று சொன்னபோது பட்டறையில் அத்தனை பேரும் சரி என்றார்களாம், இவர் ஒருவர்தான் யார் தயவும் வேண்டாம் என்றாராம். "பொழைக்கத் தெரியாதவன்" என்று வெல்டர் மாமா அன்றைக்குக் கேலி செய்ததை இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். அடுத்த மாதம் விசாரணை. அதிகாரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போடப் போகிறார். அதற்காக இடக்கையால் எழுதிப் பழகுகிறார், என் பழைய பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கங்களில். பக்கத்தில் நின்று நான்தான் பேச வேண்டுமாம்.

தவணையை அவரே கட்டினார் என்பதற்கு ஆதாரம் வாங்கலாம் என்று கம்பெனிக்குப் போனேன். நீ அங்கே வேலை பார்த்தபோது சம்பளப் பிரிவில் உன் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா இன்னும் இருக்கிறார். ஆதாரம் கேட்டதும் அவருக்கு ஆச்சரியம். "அப்பா தவணையைக் கம்பெனியே கட்டுற மாதிரி உங்கண்ணன்தானேம்மா மாத்தினான்? தங்கச்சி காலேஜ் பஸ்ஸுக்காவது ஆகும்னு சொன்னானே" என்றார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் தெரிந்தமாதிரித் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, கேட்டருகே வெகுநேரம் நின்றேன்.

நீ காகிதத்தை நீட்டினால் அப்பா படிக்க மாட்டார். எங்கே போடணும் என்று மட்டும் கேட்பார். மகன் ஆபீசில் இருக்கிறான் என்ற தெம்பு. கல்லூரி சேர்ந்த வருஷம் பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றாய். கூடியது உன் சம்பளம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன், அப்பாவுக்குத் தவணை பிடிப்பது நின்றதால் மிஞ்சியது என்று தெரியாது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை அண்ணா. அப்பாவுக்கு அடிபடும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

வரியை நான் கட்டிவிடுவேன். வேலை கிடைத்துவிட்டது, தவணையாகக் கட்டவும் விடுவார்களாம். ஆனால் விசாரணைக்கு முன்பே ஒப்புக்கொண்டால்தான் வரியோடு போகும். சத்தியம் செய்து சொன்னது பொய் என்று தெரிந்தால் அபராதம், அதற்குமேல் வழக்கும் வரலாம் என்றார் அந்த வரி அலுவலக ஊழியர். அப்பா பொய் சொல்லப் போவதில்லை. தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்லப் போகிறார். தலை நிமிர்ந்து சொல்லுவார். பக்கத்தில் நின்று அதையே திருப்பிச் சொல்ல என்னால் முடியாது.

நானே அவரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அருகில் போனேன். நோட்டைக் காட்டி, "இந்தக் கையெழுத்து பரவாயில்லையா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இத்தனை எழுதியது ஒன்றே ஒன்று கேட்கத்தான். இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. வழக்கம்போல அப்பா போனை மேசைமேல் வைப்பார். வைக்கட்டும். எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி நீயே சொல்லிவிடு. அவர் கத்தினாலும், ஒன்றும் பேசாமல் எழுந்து போனாலும், நீ போனை வைத்துவிடாதே. யாருக்காகச் செய்தாய் என்பதை மட்டும் நீ சொல்ல வேண்டாம், அதை நான் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குக் குரல் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நடந்தால் சத்தமே கேட்காது என்று நீ கேலி செய்யும்,
உன் பூனைக்குட்டி